மலைக்குப் பெயர் பல

பாடம் 7 — உரைநடை

கற்றல் நோக்கங்கள்

- தாம் வாழும் தீவின் மலை ஒன்றைப் பற்றிப் படித்து, அதன் இயற்கையையும் வரலாற்றையும் அறிதல்.
- இடப்பெயர்கள் தோன்றும் முறையை ஆராய்ந்து, காரணப்பெயர், இடுகுறிப்பெயர் ஆகியவற்றை வேறுபடுத்தி உணர்தல்.
- மலை தொடர்பான தமிழ்ச் சொற்களைப் பிழையின்றிப் பயன்படுத்துதல்.

நுழையும் முன்

ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில் நின்று வடக்கே நோக்கினால், துறைமுக நீருக்கு அப்பால் பச்சைச் சுவர்போல் ஒரு மலைத்தொடர் தெரியும். மழை வருமுன் அதன் உச்சியில் மேகம் படியும். நாள்தோறும் கண்ணில் படுவதாலேயே பலர் அதனை உற்று நோக்குவதில்லை. அம்மலையை அடிவாரம் முதல் உச்சிவரை நடந்து காண்பதே இப்பாடம்.

1. கடலுக்குள் நிற்கும் மலைத்தொடர்

அந்தமான் தீவுகளை வரைபடத்தில் காண்போர், கடலில் தூவப்பட்ட நிலத்துண்டுகள் எனக் கருதுவர். உண்மையில் அவை நீரில் மூழ்கிய நீண்ட மலைத்தொடர் ஒன்றின் முகடுகள் ஆகும். மியான்மர் நாட்டின் அரக்கான் யோமா மலைகள் தெற்கே கடலுக்குள் இறங்கி, அந்தமானாகவும் நிக்கோபாராகவும் தலைகாட்டி, சுமத்திரா நோக்கிச் செல்கின்றன. இந்தியப் புவித்தட்டு கிழக்கே உள்ள பர்மாத் தட்டின் அடியில் நுழையும்போது, கடலடியில் படிந்திருந்த வண்டலும் பாறையும் நெருக்குண்டு மேலெழுந்தன. அவ்வாறு எழுந்தவையே இத்தீவுகள். எனவே, தீவில் வாழ்வோர் அனைவரும் ஒரு மலையின் மேல் வாழ்வோரே எனலாம்.

இத்தொடரின் உயர்ந்த சிகரம் வடக்கு அந்தமானில் உள்ள சேடில் சிகரம். அதன் உயரம் 732 மீட்டர். போர்ட் பிளேருக்கு எதிரே நிற்கும் நம் மலையின் உயரம் 383 மீட்டர். நீலகிரியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயர்ந்தது. அதனோடு ஒப்பிட்டால் நம் மலை சிறியதே. ஆயினும் திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் உயரம் 83 மீட்டர்தான் என்பதை நினைத்தால், நம் மலை அதனைப் போல் நான்கு மடங்குக்கு மேல் உயர்ந்தது என்பது விளங்கும். மேலும், இது கடல்மட்டத்திலிருந்தே எழுகிறது. ஆதலால், ஏறுவோர் ஒவ்வொரு மீட்டரையும் தம் கால்களாலேயே கடக்க வேண்டும்.

இம்மலையை நெடுங்காலம் ‘மவுண்ட் ஹேரியட்’ என்று அழைத்தனர். 2021 அக்டோபரில் ‘மவுண்ட் மணிப்பூர்’ எனப் புதுப்பெயர் சூட்டப்பட்டது. பழக்கத்தின் காரணமாகப் பழைய பெயரைச் சொல்வோரும் இன்று உளர். இவ்விரு பெயர்களுக்குப் பின்னும் வரலாறுகள் உள்ளன. மலையில் ஏறும்போதே அவற்றை அறிவோம்.

2. அடிவாரத்திற்குச் செல்லும் வழி

துறைமுகத்தைச் சுற்றிச் சாலை வழியே சென்றால் நெடுந்தொலைவு ஆகும். நீர்வழியோ மிகக் குறுகியது. சாத்தம் துறையிலிருந்து ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு புறப்படும் படகு, ஏறத்தாழக் கால் மணி நேரத்தில் எதிர்க்கரையாகிய பாம்பூ பிளாட்டை அடைந்துவிடும்.

சனவரித் திங்களின் ஒரு விடுமுறை நாளில், எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் தாத்தாவுடன் அப்படகில் ஏறினாள். அவர்கள் வீடு ஃபீனிக்ஸ் பேயில் உள்ளது. தாத்தா சாத்தம் மரம் அறுக்கும் ஆலையில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். அவ்வாலை 1883ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. ஆசியாவின் பழமையான மர ஆலைகளுள் ஒன்று. தாத்தா தம் இருபத்திரண்டாம் வயதில் இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து சென்னை வழியாகக் கப்பலேறி, ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல் கடந்து வந்தவர். இப்போது அவருக்கு அறுபத்தெட்டு வயது.

படகில் பலமொழிப் பேச்சு கேட்டது. ஒருபுறம் வங்காளம், மறுபுறம் தெலுங்கு, நடுவே மலையாளம். இவர்களை எல்லாம் இணைக்கும் மொழியாகத் தீவின் இந்துஸ்தானி. தாத்தாவும் பேத்தியும் தம்முள் தமிழில் பேசிக்கொண்டனர்.

பாம்பூ பிளாட்டில் இறங்கிக் கடலோரச் சாலையில் கிழக்கே சென்றால் ஹோப் டவுன் என்னும் சிற்றூர் வரும். மலைச்சாலை அங்கிருந்து மேலேறத் தொடங்குகிறது. பாம்பூ பிளாட்டிலிருந்து உச்சி ஏறத்தாழ 7 கிலோமீட்டர். மலை தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்படுவதால், வனத்துறையின் இசைவு பெற்றே உள்ளே செல்ல வேண்டும்.

3. ஏற்றம்

முதல் வளைவைக் கடந்ததும் கடலின் ஓசை அடங்குகிறது. சாலையின் இருபுறமும் காடு நெருங்கி நிற்கிறது. அந்தமானில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இது சென்னையில் பெய்யும் மழையைப் போல் இரு மடங்கு. தென்மேற்குப் பருவக்காற்று, வடகிழக்குப் பருவக்காற்று ஆகிய இரண்டும் இங்கு மழையைப் பொழிகின்றன. மே முதல் திசம்பர் வரை மலையில் ஈரம் காய்வதில்லை. அக்காலத்தில் நடப்போரின் கால்களில் அட்டைகள் ஏறும். சனவரி முதல் ஏப்ரல் வரையே நடைக்கு ஏற்ற காலம்.

மழையால் மரங்கள் வானளாவ வளர்ந்துள்ளன. நேராக உயர்ந்து நிற்பது குர்ஜன் மரம். அடிமரத்தைச் சுற்றிப் பலகைபோல் வேர்கள் விரிந்து தாங்க நிற்பது படாக் மரம். படாக் இவ்வொன்றியப் பகுதியின் மாநில மரமாகும். ‘டெரோகார்பஸ்’ என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. தமிழ்நாட்டின் வேங்கை மரமும் செஞ்சந்தனமும் அதே பேரினத்தவை. சங்க இலக்கியத்தின் குறிஞ்சி நிலத்திற்குரிய மரம் வேங்கை. பொன்னிறப் பூக்களால் அது புலியை நினைவூட்டும் எனப் புலவர் பாடினர். அந்தமான் படாக்கும் அவ்வாறே மஞ்சள் நிறத்தில் பூக்கிறது. கடல் கடந்து வந்த தமிழர்க்கு அவர்தம் பழைய மரத்தின் உறவு மரம் இங்குக் காத்திருந்தது போலும்!

பேத்தி ஒரு பெருமரத்தைச் சுட்டினாள்.

“தாத்தா, இதுதானே படாக்? பள்ளியில் படம் காட்டினார்கள்.”

தாத்தா அருகே சென்று பட்டையைத் தடவினார்.

“ஆம் அம்மா. முப்பத்தைந்து ஆண்டு இந்த மரத்தை அறுத்தேன். சிவந்த பலகையாக அறிவேன். அறுக்கும்போது எழும் மணத்தை அறிவேன். ஆனால், நின்ற நிலையில் இதனை இவ்வளவு அருகில் நின்று பார்த்ததில்லை.”

அவர் சற்று நேரம் பேசாமல் அண்ணாந்து நோக்கினார். கிளையிலிருந்து கரிய மரங்கொத்தி ஒன்று பறந்தது. அந்தமான் மரங்கொத்தி உலகில் வேறெங்கும் இல்லாத பறவை. இவ்வொன்றியப் பகுதியின் மாநிலப் பறவையாகிய அந்தமான் மரப்புறாவும் இக்காட்டில் வாழ்கிறது. தீவு பெருநிலத்திலிருந்து நெடுங்காலம் பிரிந்து நின்றதால், இங்குள்ள உயிர்கள் தமக்கெனத் தனி இயல்புகளைப் பெற்றன.

ஏறும் வழியில் மரங்கள் விலகும் ஓரிடத்தில் கீழே வட விரிகுடா தெரிகிறது. தென்னை மரங்களும் நீலக் கடலும் கலங்கரை விளக்கமும் ஒருசேரத் தோன்றும் அக்காட்சி பலருக்கு முன்பே பழக்கமானது. 2001 முதல் வழங்கிய சிவப்பு நிற 20 ரூபாய்த் தாளின் பின்புறத்தில் அந்தமானின் தென்னைகளும் கடலும் கலங்கரை விளக்கமும் இடம்பெற்றிருந்தன. 2019இல் வெளிவந்த புதிய தாளில் அவ்விடத்தை எல்லோராக் குகைகள் பெற்றன. தீவுக்கு வராத கோடிக்கணக்கானோர் இக்காட்சியைத் தம் சட்டைப் பையில் வைத்திருந்தனர். ஆனால், அது எந்த இடம் என்பதை அவருள் அறிந்தோர் சிலரே.

4. ஹேரியட் என்னும் பெயர்

1858 மார்ச் 10 அன்று, ஆங்கில அரசு 200 கைதிகளை இத்தீவுக்குக் கொண்டுவந்து தண்டனைக் குடியிருப்பைத் தொடங்கியது. முந்திய ஆண்டு நிகழ்ந்த பெரும் புரட்சிக்குப் பின்னரே இக்குடியிருப்பு உருவாயிற்று. 1862 முதல் 1864 வரை அதன் கண்காணிப்பாளராக இருந்தவர் இராபர்ட் டைட்லர். அவர்தம் மனைவி ஹேரியட் டைட்லர். 1857இல் தில்லி முற்றுகையின்போது அப்பெண்மணி படைமுகாமில் ஒரு வண்டியில் தங்கி மகவு ஈன்றார். பின்னர்க் கணவருடன் ஒளிப்படக் கலையைக் கற்று, தில்லியின் கட்டடங்களைப் படமெடுத்தார். அவருடைய பெயரே இம்மலைக்கு இடப்பட்டது.

ஆங்கிலேயர் வெப்பத்திற்கு அஞ்சினர். உயரம் செல்லச் செல்ல வெப்பம் குறையும். ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ 6.5 பாகை செல்சியசு குறையும் என்பது பொதுக்கணக்கு. அவ்வாறெனில் இம்மலையுச்சி அடிவாரத்தைவிட ஏறத்தாழ 2.5 பாகை குளிர்ந்திருக்கும். உதகையின் குளிருக்கு இது ஈடாகாது. எனினும் கடற்காற்றும் சேர்ந்து வீசுவதால், தலைமை ஆணையரின் கோடைக்கால இருப்பிடம் இங்கே அமைந்தது.

5. ஓர் அந்திப்பொழுது

1872 பிப்ரவரி 8 அன்று, இந்தியாவின் அரசப் பிரதிநிதியாகிய மேயோ பிரபு தீவுக்கு வந்தார். நாள் முழுதும் குடியிருப்புகளைப் பார்வையிட்டார். நோயுற்றோர் தங்கி உடல் தேற ஏற்ற இடம் இம்மலையில் உண்டா எனக் காண மாலையில் மேலேறினார். உச்சியில் அமர்ந்து கதிரவன் மறைவதைக் கண்டு மகிழ்ந்தார். இறங்கி வருவதற்குள் இருட்டிவிட்டது. தீவட்டி ஒளியில் ஹோப் டவுன் படகுத்துறைக்கு நடந்தபோது, இருளில் மறைந்திருந்த ஒருவன் பாய்ந்து அவரைக் கத்தியால் குத்தினான். மேயோ உயிர் துறந்தார். பதவியில் இருக்கும்போதே கொல்லப்பட்ட அரசப் பிரதிநிதி அவர் ஒருவரே.

குத்தியவர் ஷேர் அலி அப்ரிதி. வடமேற்கு எல்லையிலிருந்து வந்த பட்டாணியர். பெஷாவரில் கொலைக் குற்றத்திற்காகத் தண்டனை பெற்று நாடு கடத்தப்பட்டவர். ஹோப் டவுனில் முடிதிருத்துபவராகப் பணிபுரிந்தார். 1872 மார்ச் 11 அன்று வைப்பர் தீவில் அவர் தூக்கிலிடப்பட்டார். தமக்கு அநீதி இழைத்த ஆட்சியைப் பழிதீர்த்த கைதியாக அவரைக் காண்போரும் உண்டு. விடுதலை உணர்வின் தொடக்ககால வெளிப்பாடாகக் காண்போரும் உண்டு. மேயோவின் பெயரால் ஆஜ்மீரில் கல்லூரி எழுந்தது. ஷேர் அலியின் பெயரால் இம்மலையில் ஒரு பாறைகூட வழங்கவில்லை.

6. மணிப்பூரிலிருந்து வந்தோர்

1891இல் மணிப்பூர் அரசுக்கும் ஆங்கில அரசுக்கும் போர் மூண்டது. மணிப்பூர் தோற்றது. இளவரசர் திகேந்திரசித்து அவ்வாண்டு ஆகஸ்டு 13 அன்று தூக்கிலிடப்பட்டார். மன்னர் குலச்சந்திர துவஜ சிங்கும் அவரைச் சார்ந்த இருபதுக்கு மேற்பட்டோரும் அந்தமானுக்கு நாடு கடத்தப்பட்டனர். அப்போது செல்லுலார் சிறை கட்டப்படவில்லை. அதன் கட்டுமானம் 1896இல் தொடங்கி 1906இல் நிறைவுற்றது. ஆகவே, மணிப்பூர் மன்னரும் உடன் வந்தோரும் இம்மலையில் வைக்கப்பட்டனர். கடலே இல்லாத மலைநாட்டில் பிறந்தவர், நாற்புறமும் கடல் சூழ்ந்த மலையில் காவலுக்கு உட்பட்டு வாழ்ந்தனர். அவர்தம் நினைவாகவே 2021இல் மலையின் பெயர் மாற்றப்பட்டது.

7. உச்சியில்

உச்சியில் வனத்துறையின் விருந்தினர் இல்லமும் பழைய கட்டடங்களின் எச்சங்களும் உள்ளன. அங்கிருந்து காட்டு வழியே 2 கிலோமீட்டர் நடந்தால் ‘காலா பத்தர்’ என்னும் கரும்பாறையை அடையலாம். அக்காலத்தில் கைதிகளை அப்பாறையிலிருந்து கீழே தள்ளிக் கொன்றனர் என்று ஊரார் கூறுவர்.

உச்சியிலிருந்து தெற்கே நோக்கினால் துறைமுகம் முழுதும் ஒரு தட்டில் வைத்தாற்போல் தெரியும். பேத்தி கண்களைச் சுருக்கித் தன் வீட்டைத் தேடினாள். சாத்தம் பாலம் தெரிந்தது. கப்பல் பழுதுபார்க்கும் தளத்தின் பாரந்தூக்கிகள் தெரிந்தன. அவற்றுக்குப் பின்னே கூரைகள் நெருங்கிய சரிவு ஃபீனிக்ஸ் பே. வீட்டு மாடியிலிருந்து மலையைப் பார்த்தவள், இன்று மலையிலிருந்து வீட்டைப் பார்த்தாள். வீடு ஒரு புள்ளியளவே இருந்தது.

நெடுநேரம் பார்த்தபின் அவள் கேட்டாள்.

“தாத்தா, பள்ளிப் படிவத்தில் ‘சொந்த ஊர்’ என்று ஒரு கட்டம் உள்ளது. அதில் என்ன எழுதுவது?”

“அப்பா என்ன எழுதச் சொன்னார்?”

“இராமநாதபுரம் என்று எழுதச் சொன்னார். நான் அங்கே இரண்டு முறைதான் சென்றிருக்கிறேன். அங்கே எல்லாரும் என்னை ‘அந்தமான்காரி’ என்கிறார்கள். இங்கே சிலர் ‘மதராசி’ என்கிறார்கள். இரண்டு இடத்திலும் நான் வேறு இடத்தவள்தான்.”

தாத்தா உடனே விடை கூறவில்லை. கல்லின்மேல் அமர்ந்து, தண்ணீர்ப் புட்டியை அவளிடம் நீட்டினார்.

“என் தாய் தந்தையரை அங்கே எரித்தோம். உன் பாட்டியை இங்கே எரித்தோம். இரண்டில் ஒன்றை விட்டுவிடு என்று என்னிடம் எவரும் சொல்ல முடியாது. படிவத்தில் ஒரு கட்டம்தான் இருக்கும் அம்மா. ஆனால், மனிதருக்கு அவ்வாறு இல்லை.”

“அப்படியானால் இந்த மலை யாருடையது?”

“நான் வந்தபோது இதற்கு ஒரு பெயர். இப்போது வேறு பெயர். எனக்கு முன்பும் ஏதோ ஒரு பெயர் இருந்திருக்கும். மலை எந்தப் பெயருக்கும் திரும்பிப் பார்த்ததில்லை. ஆனால், பெயர் வைத்தவர்கள் ஏன் வைத்தார்கள் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். படித்தவள் அல்லவா நீ?”

8. பெயரிடுவோர் யார்?

தாத்தாவின் சொல் ஆராயத்தக்கது. ஆங்கிலேயர் வருமுன் போர்ட் பிளேர்ப் பகுதியில் வாழ்ந்தோர் பெரிய அந்தமானியருள் ஒரு பிரிவினராகிய ஆக்கா-பியா மக்கள். 1859இல் அபர்டீன் என்னுமிடத்தில் அந்தமானியர் வில்லம்பு ஏந்தி ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டனர். பின்னர் நோய்களால் அவர்களுள் பெரும்பாலோர் அழிந்தனர். இன்று ஆக்கா-பியா மொழியைப் பேசுவோர் ஒருவரும் இலர். ஹேரியட் என்பதும் மணிப்பூர் என்பதும் இம்மலையில் பிறந்த பெயர்கள் அல்ல. மலையோடு மிக நெடுங்காலம் வாழ்ந்தவர் வழங்கிய பெயரோ, பேசுவோர் மறைந்ததும் வழக்கிலிருந்து மறைந்தது. ஒரு மொழி அழியும்போது அதனுடன் மலைகளின் பெயர்களும் அழிகின்றன.

இது இம்மலைக்கு மட்டும் நேர்ந்ததன்று. இமயத்தின் உச்சிச் சிகரத்தைத் திபெத்தியர் ‘சோமோலுங்மா’ என்றனர். 1865இல் அதற்கு நில அளவைத் துறைத் தலைவராக இருந்த எவரெஸ்டின் பெயர் சூட்டப்பட்டது. இலங்கையின் 2,243 மீட்டர் உயரமான சிகரத்தைத் தமிழர் சிவனொளிபாதமலை என்பர். சிங்களர் ஸ்ரீ பாத என்பர். இசுலாமியரும் கிறித்தவரும் ஆதாமின் பெயரால் வழங்குவர். அங்கே ஒரு பெயர் மற்றொன்றை அழிக்கவில்லை. நான்கு சமயத்தாரும் ஒரே படிகளில் ஏறுகின்றனர்.

குடியேறுவோர் தம் ஊர்ப்பெயரையும் உடன் கொண்டு செல்வர். 1921ஆம் ஆண்டு மலபார்க் கிளர்ச்சிக்குப்பின் இங்கு அனுப்பப்பட்ட மாப்பிள்ளை முசுலிம்கள், தெற்கு அந்தமானில் தாம் வாழ்ந்த இடங்களுக்கு மஞ்சேரி, திரூர், வண்டூர் எனக் கேரள ஊர்ப்பெயர்களை இட்டனர். திரும்ப முடியாத ஊரை வாயாலேனும் நாள்தோறும் அழைக்க அவர்கள் விரும்பினர் எனலாம். போர்ட் பிளேரில் தமிழர் வழிபடும் முருகன் கோயிலுக்கு வெற்றிமலை என்பது பெயர். முருகன் உறையும் இடத்தை மலையெனச் சொல்லாமல் தமிழரால் இருக்க இயலவில்லை. இதற்கு எல்லாம் முன்னரே, பதினோராம் நூற்றாண்டில் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி நிக்கோபாரை ‘மாநக்கவாரம்’ எனக் குறித்தது.

பெயர் என்பது வெறும் ஒலி அன்று. யார் இங்கு இருந்தனர், யார் ஆண்டனர், யார் துன்புற்றனர், யாரை நாம் நினைக்க விரும்புகிறோம் என்பதை அது காட்டும். ஒரு பெயரைக் கற்கும்போது அதற்கு முன் இருந்த பெயரையும் கேட்டறிவதே கற்றவர்க்கு அழகு.

9. இறக்கம்

மலையில் பிற்பகல் மூன்று மணிக்கே இறங்கத் தொடங்குவது நன்று. இந்திய நேரம் 82.5 பாகைக் கிழக்கு நெடுங்கோட்டை அடிப்படையாகக் கொண்டது. போர்ட் பிளேர் ஏறத்தாழ 92.7 பாகையில் உள்ளது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் வீதம், இங்குக் கதிரவன் ஏறத்தாழ 41 நிமிடம் முந்துகிறான். குளிர்காலத்தில் மாலை ஐந்து மணி அளவிலேயே மறைந்துவிடுவான். நிலநடுக்கோட்டிற்கு அண்மையில் அந்தி மிகக் குறுகியது. கதிரவன் மறைந்ததும் இருள் விரைந்து சூழும். மேயோவுக்கு நேர்ந்ததில் இவ்விருளுக்கும் பங்குண்டு.

ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போது முழங்கால் வலிக்கும். தாத்தா ஒரு கையைப் பேத்தியின் தோளில் வைத்து இறங்கினார். ஹோப் டவுன் கரையை அடைந்தபோது கடல் இன்னும் ஒளியுடன் இருந்தது.

---

சொல்லும் பொருளும்

அடிவாரம் — மலையின் அடிப்பகுதி
சாரல் — மலைச்சரிவு
முகடு — உச்சி
கொடுமுடி — மலையின் மிக உயர்ந்த உச்சி
வெற்பு, பொருப்பு, ஓங்கல், வரை — மலை
குன்று — சிறுமலை
அண்ணாந்து — தலையை உயர்த்தி
மெய்க்கீர்த்தி — கல்வெட்டில் அரசனின் புகழைக் கூறும் பகுதி
இசைவு — அனுமதி

இலக்கணம் அறிவோம்: பெயர் வைக்கும் முறை

காரணம் கருதி இடப்பட்ட பெயர் காரணப்பெயர். மரத்தைக் கொத்துவதால் மரங்கொத்தி. காரணம் அறியப்படாமல் முன்னோர் இட்டு வழங்கியது இடுகுறிப்பெயர். மண், மரம், பனை போன்றவை அத்தகையன.

இடப்பெயர்களிலும் காரணம் காணலாம். மதுரைக்கு அருகே யானை படுத்தது போன்ற வடிவுடைய மலை யானைமலை. இங்குக் காரணம் மலையிலேயே உள்ளது. காலா பத்தர் என்பதும் அவ்வாறே; ‘கரிய கல்’ என்பது பொருள். சென்னையின் பரங்கிமலை, பரங்கியர் வாழ்ந்ததால் பெற்ற பெயர். இங்குக் காரணம் மக்களிடம் உள்ளது. மவுண்ட் ஹேரியட், மவுண்ட் மணிப்பூர் ஆகியவற்றில் காரணம் நினைவுகூரப்படுவோரிடம் உள்ளது. எனவே, இடத்தின் பெயரை அறிந்தால் மட்டும் போதாது. அதன் காரணம் எங்கே உள்ளது எனவும் வினவ வேண்டும்.

பயிற்சிகள்

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.

1. அந்தமானின் உயர்ந்த சிகரம் ________.
2. வேங்கையின் உறவு மரமாகிய ________ இவ்வொன்றியப் பகுதியின் மாநில மரம்.
3. செல்லுலார் சிறையின் கட்டுமானம் ________ஆம் ஆண்டு நிறைவுற்றது.
4. இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி நிக்கோபாரை ________ எனக் குறித்தது.

ஆ. பொருத்துக.

1. ஹேரியட் டைட்லர் — கலங்கரை விளக்கம்
2. குலச்சந்திர துவஜ சிங் — ஒளிப்படம்
3. வட விரிகுடா — மர ஆலை
4. சாத்தம் — மணிப்பூர்

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. அந்தமானில் வாழ்வோர் ‘ஒரு மலையின் மேல் வாழ்வோரே’ எனப்படுவது ஏன்?
2. மணிப்பூர் மன்னர் செல்லுலார் சிறையில் வைக்கப்படாததற்குக் காரணம் யாது?
3. தாத்தா படாக் மரத்தை முன்பு எவ்வாறு அறிந்திருந்தார்?
4. அந்தமானில் குளிர்காலத்தில் கதிரவன் முன்னதாக மறைவது ஏன்?

ஈ. விரிவாக விடை எழுதுக.

1. மேயோ பிரபுவின் பெயரும் ஷேர் அலியின் பெயரும் பின்னாளில் நினைக்கப்பட்ட முறையை ஒப்பிடுக.
2. “ஒரு மொழி அழியும்போது அதனுடன் மலைகளின் பெயர்களும் அழிகின்றன” — பாடத்தின் துணைகொண்டு விளக்குக.

உ. காரணப்பெயர், இடுகுறிப்பெயர் என வகைப்படுத்துக.

பறவை, கல், நாற்காலி, மரங்கொத்தி, பனை, யானைமலை

ஊ. களப்பணி

உம் வீட்டில் உள்ள மூத்தோர் ஒருவரிடம், அவர் பிறந்த ஊருக்கு அருகே உள்ள மலை, குளம், ஆறு ஆகியவற்றின் பெயர்களைக் கேட்டு எழுதுக. அவற்றுக்கு அப்பெயர் வந்த காரணத்தையும் கேட்டறிக. மூத்தோர் சொன்ன சொல்லை மாற்றாமல் அவர் சொன்னவாறே எழுதுக.

எ. சிந்தித்து எழுதுக.

பாடத்தில் வரும் மாணவி ‘சொந்த ஊர்’ என்னும் கட்டத்தில் என்ன எழுதினாள் எனக் கூறப்படவில்லை. நீவிர் என்ன எழுதுவீர்? ஏன்? பத்து வரிகளில் எழுதுக. இதற்கு ஒரே விடை இல்லை.